வகுபடாது என்று சொன்ன எண்

பொய் சொல்கிறவர்களைப் பேச்சிக்குப் பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. நன்றாகப் பொய் சொல்கிறவர்கள் மேல் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. அரைகுறையாகப் பொய் சொல்கிறவர்களைத்தான் அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தபோது, செத்துப்போனதாக எழுதிக் கொடுத்த ஆள் காரியாபட்டிச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். வேலையை விட்ட பிறகும் அந்த ஏளனம் மட்டும் அவளை விடவில்லை. அதை வைத்துத்தான் துப்பறியும் தொழிலை ஆரம்பித்தாள்.

பாளையம்பட்டியில் ஒரு சேவுக் கடையின் மாடியில் அவள் அலுவலகம். கீழே எண்ணெய்ச் சட்டி காய்ந்தால் மேலே வருகிறவர்களுக்குக் கண் எரியும். வந்தவர் அழுகிறாரா, புகை பட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே முதல் துப்பறிதல் என்பான் அவள் உதவியாளன் இர்பான்.

அந்தச் சனிக்கிழமை காலை சேக் முகம்மது நிஜமாகவே அழுதார். வற்றல் மண்டி நடத்துகிறவர். ஆயுசு முழுக்க மிளகாய் நெடியில் கலங்காத கண்கள் அவை.

"புள்ள வியாழக்கிழமை சாயங்காலம் காலேஜ விட்டுக் கெளம்புனவ வீடு வந்து சேரல தாயி. மறுநாள் இந்தப் பேச்சு மட்டும் போன்ல வருது. ஸ்டேஷன்ல போட்டுக் காமிச்சேன். 'சென்னைக்குப் போயிட்டேன்'ங்கிறது வரைக்கும் கேட்டாக. 'உங்க மக மேஜர், அவுகளா போயிருக்காக, நாங்க என்ன செய்ய'ன்னு போனைக் கையில குடுத்துட்டாக."

"மிச்சத்த அவுக கேக்கலையா?"

"கேக்கல. நானும் வேற யாருக்கும் போட்டுக் காமிக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காமிக்க?"

அவருடைய மகள் நர்கிஸ் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். பேச்சி பதிவைத் தட்டினாள். நிதானமான பெண்குரல் ஒலித்தது.

"அத்தா, நான் சென்னைக்குப் போயிட்டேன். ஒரு வேலை கெடச்சிருக்கு. என்னத் தேடாதீங்க, போனை அணைச்சு வைக்கிறேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல, உங்களுக்கு உள்ள பகா எண்ணைச் சொல்லிடுறேன். மூணு ஒண்ணு ஒண்ணு மூணு, மறுபடி மூணு ஒண்ணு ஒண்ணு மூணு. இது எதாலயும் வகுபடாது அத்தா. நான் சொன்னதெல்லாம் இந்த எண் மாதிரி. நம்புங்க."

"அது என்ன பாய், வெள்ளிக்கிழமை எண்?" என்றாள் பேச்சி.

"சின்னதுலருந்தே அப்படித்தான் தாயி. நான் ஜும்மா முடிச்சு வந்து சாப்பிட உக்காந்ததும் பெருசா ஒரு எண்ணைச் சொல்லுவா. ஒண்ணாலயும் அந்த எண்ணாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாதும்பா. எனக்கு அதுல ஒரு மண்ணும் வெளங்காது. பெத்த கடனுக்குத் தலையாட்டுவேன்."

"நல்ல பழக்கம்," என்றான் இர்பான். "எங்க அத்தாவுக்கு நான் வெள்ளிக்கிழமை சொன்ன ஒரே எண்ணு பரீட்சை மார்க்கு. அதுவும் எதாலயும் வகுபடாது. அம்புட்டுச் சின்னது."

பேச்சி சிரிக்கவில்லை. ஒரு தாளில் எட்டு இலக்கங்களை எழுதினாள். 31133113.

"ஏலே, இத முன்னாடியிருந்து படி. பின்னாடியிருந்தும் படி."

"ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா இருக்கு. விகடகவி மாதிரி."

"ஒண்ணு விட்டு ஒண்ணாக் கூட்டு. மொத, மூணாவது, அஞ்சாவது, ஏழாவது."

"மூணு, ஒண்ணு, மூணு, ஒண்ணு. எட்டு."

"மிச்சம் இருக்கிற நாலையும் கூட்டு."

"அதுவும் எட்டு."

"ரெண்டு கூட்டும் சமமா வந்தா அந்த எண் பதினொண்ணால வகுபடும். பள்ளிக்கூடத்துல படிச்சது." பேச்சி பேனாவை மூடினாள். "பாய், உங்க மக கணக்கு டீச்சர். இப்படி ஒரு எண்ணைப் பகா எண்ணுன்னு தூக்கத்துலகூட உளறமாட்டாக. தெரிஞ்சே தப்பாச் சொல்லிருக்காக. 'நான் சொன்னதெல்லாம் இந்த எண் மாதிரி'ன்னா, சொன்னதெல்லாம் பொய்யின்னு அர்த்தம். பக்கத்துல யாரோ நின்னு சொல்ல வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை எண்ணைச் சொல்லலேன்னா அத்தா சந்தேகப்படுவாருன்னு சொல்லி, அவனைச் சம்மதிக்க வச்சிருக்காக."

சேக் முகம்மது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகள் தன்னை வெறுத்துப் போய்விட்டாள் என்று நேற்றிலிருந்து நினைத்திருந்தவர். இப்போது நிம்மதியும் பயமும் அவருக்கு ஒன்றாக வந்தன.

"உங்க மகளுக்கு யார் மேலயாவது பகை உண்டா?"

"பகைன்னு சொல்ல முடியாது. இந்தப் பாண்டீஸ்வரன் இருக்காருல்ல, கணக்குப் பயிற்சி மையம்னு ஊரெல்லாம் பேனர் வச்சிருக்காரே, அவரப் பத்தித்தான் வீட்டுல பொலம்புவா. 'சனிக்கிழமை அவருக்குப் பட்டம் குடுக்கிற விழாவுல மேடையிலயே ஒரு கேள்வி கேப்பேன் அத்தா'ன்னா. அந்த விழா இன்னைக்குத்தான்."

பேச்சியின் உதடு ஒரு பக்கமாக வளைந்தது. பாண்டீஸ்வரனை யாருக்குத்தான் தெரியாது! அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை மின்கம்பத்துக்கு ஒரு பாண்டீஸ்வரன் தொங்கினார். 'தென்னாட்டு எண் சிங்கம்' என்று போட்டு, பக்கத்தில் நிஜச் சிங்கத்தையும் வரைந்திருந்தார்கள். இரண்டில் சிங்கத்துக்குத்தான் அறிவுக் களை இருந்தது.

"கெளம்புலே," என்றாள். "அந்தச் சிங்கத்துக்கு இந்த எண்ணைப் போட்டுப் பாப்போம். பொய்யின்னு தெரியாம இத விட்டவன் கணக்குத் தெரியாதவன். கணக்குத் தெரியாத கணக்கு வாத்தியார் வேற எவன் இருக்கான் இந்தத் தாலுகாவுல?"

அவசரம்தான் அவளுக்கு வினையாக வந்தது. அந்த எண்ணைப் பதினொன்றால் வகுத்து, என்ன வருகிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பொய்யைப் பிடித்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட்டாள்.

திருச்சுழி சாலையில் பாண்டீஸ்வரனின் பயிற்சி மையம். வாசல் வளைவில் அவருடைய 'சூத்திரம்' செதுக்கப்பட்டிருந்தது. எந்த எண்ணை வேண்டுமானாலும் எடு. அதை அதனாலேயே பெருக்கு. அதே எண்ணைக் கூட்டு. நாற்பத்தொன்றைக் கூட்டு. வருவது எப்போதும் பகா எண்!

"எங்க, ஒண்ணப் போட்டுப் பாப்போம்," என்ற இர்பான் விரல் விட்டான். "ஒண்ணு, ஒண்ணு, நாப்பத்தொண்ணு. நாப்பத்து மூணு. அட, பகா எண்தான்க்கா."

"இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி எவரோ வெளிநாட்டுல எழுதி வச்சது. இந்த ஆளு தன் பேரப் போட்டுக்கிட்டாரு. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் படுத்துரும். படுக்கிற எடத்த மட்டும் பேனர்ல போடல."

இந்தச் சூத்திரத்தைப் படித்தால் அரசு வேலை உறுதி என்று நம்பி, மானாவாரி நிலத்தை மையத்தின் பேருக்கு எழுதிக்கொடுத்தவர்கள் பரளச்சிப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். மழையை நம்பிக் கெட்டவர்கள், இப்போது எண்ணை நம்பினார்கள்.

உள்ளே மூன்று வகுப்புகள் நடந்தன. குளிர்சாதன அறையின் கதவில் 'நிறைவெண் பிரிவு'. மின்விசிறி அறையில் 'மிகையெண் பிரிவு'. சைக்கிள் கொட்டகையில், தகரத்தின் கீழ் வியர்த்து வழிந்துகொண்டு 'குறையெண் பிரிவு'.

பாண்டீஸ்வரன் பட்டு ஜிப்பாவில், மாலை விழாவுக்குக் காலையிலேயே தயாராக உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி இன்னொரு மேசையில் ஆண்டிச்சாமி. மையத்தின் நிர்வாகி, கரி வியாபாரி. கருவேலம் விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று வந்த காசில் இந்தக் கட்டடத்தைக் கட்டியவர். எதையும் காதில் வாங்காதவர்போல் அழைப்பிதழ்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"எண்களுக்கும் தராதரம் உண்டும்மா," என்று கேட்காமலேயே ஆரம்பித்தார் பாண்டீஸ்வரன். "ஆறை எடுத்துக்கங்க. அத வகுக்கிற சின்ன எண்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு. கூட்டுனா ஆறே வரும். அது நிறைவெண். உயர்ந்த எண். பன்னெண்டுக்குக் கூட்டுனா பதினாறு வரும். அது மிகையெண். எட்டுக்குக் கூட்டுனா ஏழுதான். பத்தலை. அது குறையெண். பிள்ளைகளையும் அப்படித்தான் பிரிச்சிருக்கேன்."

"அப்ப பகா எண் எந்தப் பிரிவு சார்?" என்றாள் பேச்சி பணிவாக.

"அது... அது தனி."

"தனி எப்படி? பகா எண்ணை வகுக்கிற சின்ன எண் ஒண்ணே ஒண்ணு. கூட்டுனாலும் ஒண்ணுதான். ஒலகத்துல உள்ள பகா எண்ணு பூராவும் குறையெண்தான சார்? உங்க சூத்திரத்துல வாரது எல்லாமே சைக்கிள் கொட்டாயிலதான் உக்காரணும்."

இர்பான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். பாண்டீஸ்வரனின் முகம் சிவந்தது.

"நீங்க வந்த விஷயம்?"

"ஒரு சின்னச் சந்தேகம். ஒரு பொண்ணு ஒரு எண்ணைச் சொல்லி, இது பகா எண்ணுங்கிறா. எட்டு இலக்கம். முன்னாடியிருந்து படிச்சாலும் பின்னாடியிருந்து படிச்சாலும் ஒண்ணுதான். உங்களுக்குத் தெரியாத எண்ணு இருக்குமா? பாத்துச் சொல்லுங்களேன்."

எண் எழுதிய தாளைக் கைப்பையிலிருந்து எடுக்கப் போனாள். எடுத்து நீட்டினால் இந்த ஆள் தலையாட்டுவார், "ஆமாம், பகா எண்தான்" என்பார், கதை முடியும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

பாண்டீஸ்வரன் கையை உயர்த்தித் தடுத்தார். அவர் முகத்திலும் இப்போது ஏளனம் வந்தது. பேச்சியின் ஏளனத்துக்குக் குறையாத ஏளனம்.

"எண்ணையே காட்ட வேணாம்மா. எட்டு இலக்கம், ரெண்டு பக்கமும் ஒண்ணாப் படிக்கணும்னா அது கட்டாயம் பதினொண்ணால வகுபடும். நாலு இலக்கம், ஆறு இலக்கம், இரட்டைப்படையில எத்தனை இலக்கம் இருந்தாலும் அப்படித்தான். பதினொண்ணு ஒண்ணுதான் விதிவிலக்கு. இதக்கூடத் தெரியாம எண்ணப் பத்திப் பேச வந்துட்டீக. எவ சொன்னா பகா எண்ணுன்னு? அவள எங்க கொட்டாயில கொண்டாந்து சேருங்க."

பேச்சிக்குச் சுருக்கென்றது. இந்த ஆளுக்குக் கணக்குத் தெரிகிறது! இலக்கத்தைப் பார்க்காமலே சொல்கிற அளவுக்குத் தெரிகிறது. அப்படியானால் நர்கிஸின் பதிவைக் கேட்டு அனுப்பியவன் இவன் இல்லை. இவன் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே பொய் உடைந்திருக்கும். பேனரைப் பார்த்து மனிதனை எடைபோட்ட தன் புத்தியை அவள் மனதுக்குள் செருப்பால் அடித்துக்கொண்டாள்.

பேச்சி தாளைக் கைப்பைக்குள்ளேயே தள்ளினாள். கொட்டகையிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது கேட்டது.

அப்போது இர்பானின் குரல் வந்தது. மேசைமேல் விருந்தினருக்கு வைத்திருந்த முறுக்கை எடுக்கப் போனவன் ஆண்டிச்சாமியின் முதுகுப் பக்கம் நின்றிருந்தான். வாயில் முறுக்கு.

"அக்கா, அண்ணாச்சிக்குக் கணக்குல ஆர்வம் வந்துருச்சு. போன்ல வகுத்துப் பாக்குறாரு."

"என்னத்த?"

"மூணு, ஒண்ணு, ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு, ஒண்ணு, மூணு. வகுத்தல், பதினொண்ணு."

ஆண்டிச்சாமி போனைக் கவிழ்க்கப் போனார். அதற்குள் இர்பான் அதை லாகவமாக உருவி, பேச்சியின் பக்கம் எறிந்தான்.

பேச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆண்டிச்சாமிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"எட்டு இலக்கம்னுதான் சொன்னேன். என்ன இலக்கம்னு நான் சொன்னேனா? சார்தான் பாத்தாரா?"

"நான் என்னமோ... தோணுனதப் போட்டேன்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணாப் படிக்கிற எட்டு இலக்க எண்ணு ஆயிரக்கணக்குல இருக்கு. உமக்கு அந்த ஒண்ணு மட்டும் தோணுச்சாக்கும்? அது பாய் போன்ல மட்டும்தான்யா இருக்கு. ஸ்டேஷன்லகூடக் கேக்கல."

ஆண்டிச்சாமி பாண்டீஸ்வரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இத்தனை வருஷப் பழக்கமும் கசந்து கிடந்தது.

"வகுபடாதுன்னுதானய்யா அது சொல்லுச்சு!" என்று வெடித்தார். "அவுக அத்தாவுக்கு வாராவாரம் சொல்ற எண்ணுன்னுச்சு. நான் என்னத்தக் கண்டேன்? நீரு தினம் ஒரு எண்ணைச் சொல்லுவீரு, நான் தலையாட்டலையா?"

பாண்டீஸ்வரன் எழுந்து நின்றார். அந்தப் பெண் யார், எங்கே, உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பார் என்று பேச்சி எதிர்பார்த்தாள்.

"அப்ப சாயங்காலம் விழா நடக்குமா, நடக்காதா?" என்றார் அவர்.

பேச்சி அவரைத் திரும்பிப் பார்க்கவும் மறுத்துவிட்டாள். எஸ்.ஐ. முத்துலட்சுமிக்குப் போன் போட்டாள். பழைய பழக்கம், பாதி சொன்னால் மீதியைப் புரிந்துகொள்கிறவர். அவர் வந்து சேர்ந்து அதட்டியும் ஆண்டிச்சாமி வாயைத் திறக்கவில்லை. முதல் பயம் தெளிந்து, அவருக்கும் ஒரு திமிர் வந்திருந்தது.

"தேடிக்கங்க. எனக்குக் கரி குடோன் ஊருக்கு ஒண்ணு இருக்கு. பரளச்சியிலருந்து கமுதி எல்லை வரைக்கும் கருவேலங்காடு. உங்க கணக்கப் போட்டுக் கண்டுபிடிங்க பாப்போம்."

விழாவில் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் தூக்கியிருக்கிறார்கள். சரி, விழா முடிந்த பிறகு அவளை என்ன செய்வதாக உத்தேசம்? பேச்சிக்குப் பதில் தெரிந்தது. வாசலில் காரிலேயே காத்திருக்கும் சேக் முகம்மதுவிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

கையிலிருந்த போன் திரை இன்னும் அணையவில்லை. ஆண்டிச்சாமி தட்டிய கணக்குக்கு விடை வந்திருந்தது. 2830283.

பேச்சி அதையே பார்த்தாள். இருநூற்று எண்பத்து மூன்று. ஒரு சுழி. மறுபடி இருநூற்று எண்பத்து மூன்று. காலையிலேயே வகுத்திருந்தால் காலையிலேயே கண்ணில் பட்டிருக்கும்!

"ஏலே இர்பான், இருநூத்து எம்பத்து மூணப் பதினொண்ணால பெருக்கு."

"மூவாயிரத்து நூத்திப் பதிமூணு. மூணு ஒண்ணு ஒண்ணு... அட!"

"அத ரெண்டு தடவை அடுத்தடுத்து எழுதுனா அவ சொன்ன எண்ணு. பதினொண்ணு, 'நான் சொல்றது பொய்'ங்கிறதுக்கு. இருநூத்து எம்பத்து மூணுதான் சேதி. வீட்டு நம்பரா? சர்வே நம்பரா? காட்டுக்குள்ள அடைச்சு வச்ச பொண்ணு கண்ணுக்கு எந்த நம்பர் படும்?"

இர்பான் மெல்லுவதை நிறுத்தினான். "டவருதான்க்கா. பெரிய கரண்டு லைன் போகுதுல்ல, பரளச்சி வழியா? எங்க மச்சான் சவுதிக்குப் போறதுக்கு முந்தி அந்த டவருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சாரு. ஒவ்வொண்ணுலயும் தகட்டுல நம்பர் போட்டிருக்கும். அந்த வெயில்ல நம்பரை எண்ணிக்கிட்டே மயங்கி விழுந்த மனுசன் அவரு."

ஆண்டிச்சாமியின் திமிர் அப்படியே வடிந்தது. முத்துலட்சுமி அதைப் பார்த்தார். "டவர்தானான்னு கேக்கவே வேணாம்க்கா. மூஞ்சியே சொல்லிருச்சு."

பரளச்சி தாண்டியதும் கரிசல் வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கருவேலம். அதற்கு மேலே மின்கோபுரங்கள் வரிசையாக நடந்து போயின. முத்துலட்சுமியின் ஜீப்பில், முன்சீட்டிலிருந்த சேக் முகம்மது கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு தகட்டையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். எண் என்றாலே தலையாட்டிவிட்டு ஒதுங்குகிற மனிதர், இன்று ஒரு எண்ணுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

"இருநூத்து எம்பத்தி ரெண்டு," என்றவர், அடுத்த கோபுரம் வந்ததும் படிக்கவில்லை. கதவைத் திறந்து, வண்டி நிற்கும் முன்பே இறங்கிவிட்டார்.

கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளித் தகரக் குடோன். வாசலில் கரி மூட்டைமேல் சாய்ந்து, ஆண்டிச்சாமியின் டிரைவர் முனீஸ்வரன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் மாட்டு வண்டி அகலம் இருந்தான்.

"அக்கா, இவரத் தள்ளணும்னா கிரேன் வேணும்," என்றான் இர்பான்.

"எதுக்குத் தள்ளணும்?" பேச்சி நேரே நடந்தாள். "முனீஸ்வரா, ஒங்க மொதலாளி வாக்குமூலம் குடுத்துட்டாரு. பொண்ணத் தூக்குனது, அடைச்சது எல்லாம் நீயா செஞ்சதாம். அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம்."

அரைகுறைப் பொய்தான். ஆனால் முதலாளியை நன்றாகத் தெரிந்தவனுக்கு அது முழு உண்மையாகப் பட்டது. முனீஸ்வரன் சாவியைத் தரையில் எறிந்தான். "அந்தாளு இப்படித்தான் செய்வாருன்னு எனக்குத் தெரியும்," என்று எழுந்து, அவனாகவே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கதவு திறந்தபோது நர்கிஸ் எழுந்து நின்றாள். முகமும் முக்காடும் கரி.  சேக் முகம்மது தன் துண்டால் அவள் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்கக் கரி பரவியதே தவிரப் போகவில்லை. அவர் நிறுத்தவில்லை, அவளும் தடுக்கவில்லை.

"அந்த ஜன்னல் வழியா டவர் தெரிஞ்சிச்சு," என்றாள் பிறகு. "பதினொண்ணால பெருக்கிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா அதுவா வந்து விழுந்துச்சு. நான் தேடக்கூட இல்ல." காலையிலிருந்து நடந்ததை இர்பான் சொல்லக் கேட்டு, பேச்சியின் பக்கம் திரும்பினாள். "காலையிலயே வகுத்துப் பாத்திருந்தா காலையிலயே வந்திருக்கலாமேக்கா?"

"வந்திருக்கலாம்தான்," என்றாள் பேச்சி. அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"பாண்டீஸ்வரன் சார் என்ன சொன்னாரு?"

"எண்ணைப் பாக்காமயே பதினொண்ணுன்னுட்டாரு."

நர்கிஸ் முக்காட்டைச் சரிசெய்தாள். "அப்ப அவருக்குத் தெரியும். தெரியாம உளறுறாருன்னு நெனச்சேன். தனியாச் சொன்னாத் திருந்துவாருன்னு மையத்துக்குக்கூடப் போனேன். அந்த நிர்வாகிதான் விஷயத்தக் கேட்டுக்கிட்டு அனுப்பிட்டாரு." கரி படிந்த கையை உதறினாள். "அத்தா, வீட்டுக்கு அப்புறம் போவோம்."

திருச்சுழிக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. நிலத்தை எழுதிக்கொடுத்த குடும்பங்கள் நல்ல துணி உடுத்தி வந்திருந்தன. நிர்வாகியைப் போலீஸ் கொண்டுபோன பிறகும் பாண்டீஸ்வரன் விழாவை நிறுத்தவில்லை. 'எண் சிங்கம்' பட்டத்தை ஒரு ஆள் வாசித்துக்கொண்டிருந்தபோது, கரி படிந்த ஒரு பெண் நடுவழியில் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் கரி படிந்த துண்டுடன் அவள் அத்தா.

பாண்டீஸ்வரன் நொடியில் சமாளித்தார். "நம்ம நர்கிஸ் மேடம்! வாழ்த்துரை வழங்க..."

நர்கிஸ் ஒலிபெருக்கியை வாங்கினாள். "சார், உங்க சூத்திரத்துல நாப்பதப் போடுங்க."

அவர் கரும்பலகைக்குப் போனார். வேறு வழியில்லை, கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. நாற்பதைக் கூட்டினார். நாற்பத்தொன்றைக் கூட்டினார். 1681 என்று எழுதினார்.

"இது பகா எண்ணா சார்?"

பேச்சி தூணோரம் நின்று அந்த முகத்தையே பார்த்தாள். அவருக்கு விடை தெரியும். இலக்கத்தைப் பார்க்காமலே வகுக்கத் தெரிந்த ஆள். ஒரு வார்த்தை உண்மை சொன்னால்கூடத் தன் ஏளனத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"பகா எண்தான்," என்றார் பாண்டீஸ்வரன் கணீரென்று. "எதாலயும் வகுபடாது."

மண்டபம் கைதட்டியது. கைதட்டல் ஓய்கிற நேரத்தில், கடைசி வரிசைகளிலிருந்து, குறையெண் பிரிவுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து, ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒன்று. பிறகு நான்கைந்து. ஒரு பெண் எழுந்து, "சார், நாப்பத்தொண்ண நாப்பத்தொண்ணால பெருக்குனா அதுதான் சார் வருது," என்றாள். போன்கள் வெளியே வந்தன. வரிசை வரிசையாகப் பெற்றோர் தட்டிப் பார்த்தார்கள், பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார்கள், நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது அது சிரிப்பாக இல்லை.

"அக்கா, இந்தாளு மேல எந்தச் செக்ஷன் போடுவாக?" என்றான் இர்பான் மெதுவாக.

"அத முத்துலட்சுமி பாத்துக்கிருவாக," என்றாள் பேச்சி.

முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் எழுந்தார். பரளச்சிக்காரர் என்று யாரோ சொன்னார்கள். அவசரப்படாமல் மேடைப் படியேறி, பாண்டீஸ்வரனின் கழுத்திலிருந்த மாலையை ஒரு கையால் விலக்கிவிட்டு, இன்னொரு கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் நெலத்துப் பத்திரத்தக் குடுங்கய்யா."

அவருக்குப் பின்னால் படிக்கட்டு நிறைந்துகொண்டிருந்தது.